எட்டாம் டிஸ்க் குறித்து அத்தானுக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் நலமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் பல் டாக்டர் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விசாரித்துத் தெரிந்துகொள்ள வழியில்லாததால் நம்பத்தான் முடிகிறது. கடந்த ஒன்பது நாட்களில் பதினாறு முறை போன் செய்தேன். பதினான்கு முறை மணி அடித்து ஓய்ந்தது. ஒரு முறை அக்கா எடுத்து, "அவரு தோட்டத்துல இருக்காரு" என்றாள். உங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. இன்னொரு முறை நீங்களே எடுத்து, என் குரலைக் கேட்டதும் "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். முப்பத்தாறு வருடம் தபால் துறையில் இருந்தவரிடம் போனில் போனது என் பிசகு. அதனால் தபாலில் வருகிறேன். திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கூடத்தில், பத்தொன்பது பேர் முன்னிலையில் நடந்ததற்குக் காரணம் கடைக்காரன் என்று என் மனைவி இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடைக்காரன் பாவம். காரணம் நான். அதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொல்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். முப்பத்து நான்கு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தேன். கண்ணால் பார்க்காத எதையும் எழுதியதில்லை. நீதிமன்றத்துக்கு நாற்பத்தொரு படிகள் என்று எழுதுவதற்காக ஏறும்போது ஒரு தடவையும் இறங்கும்போது ஒரு தடவையும் எண்ணினவன் நான். ஆபீஸில் என்னை 'அளவுகோல்' என்று கூப்பிட்டதும், அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் பூரித்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த அளவுகோல் தன் வாழ்நாளில் ஒரே ஒரு செய்தியைப் பார்க்காமல் சொன்னது. அதை உங்களிடம்தான் சொன்னது.

பழைய தொலைக்காட்சித் தொடர்களை டிவிடிப் பெட்டிகளாக நான் சேர்ப்பது குடும்பத்துக்கே தெரியும். நூற்று அறுபத்து மூன்று பெட்டிகள் இருக்கின்றன. துப்பறியும் தொடர், குடும்பத் தொடர், சரித்திரத் தொடர், பேய்த் தொடர் என்று அலமாரி முழுக்க முதுகு காட்டி நிற்கின்றன. ரிட்டயர் ஆன மனுஷன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறான் என்று நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள், நானும் நினைக்கவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன் அத்தான், நான் ஒரு பெட்டியையும் பிரித்ததில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு கண்ணாடித்தாள் இருக்கும். அது கிழியாமல் இருக்கும்வரைதான் அது முழுத்தொகுப்பு. கிழித்துவிட்டால் வெறும் டிஸ்க். இது எங்களைப் போல் சேர்ப்பவர்களுக்குள் இருக்கும் ஒரு வியாதி. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை. வாங்குவோம், துடைப்போம், அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கும் கதைச் சுருக்கத்தை மனப்பாடம் செய்வோம், யாராவது கேட்டால் "அருமையான தொடருங்க, அந்த மூணாவது பாகத்துல வர்ற திருப்பம் இருக்கே" என்போம். எல்லாத் தொடரிலும் மூன்றாவது பாகத்தில் ஏதாவது ஒன்று திரும்பத்தான் செய்யும்.

இப்படியிருக்கையில் பதினொரு வருடத்துக்கு முன்னால் 'காணாமல் போன கணக்கர்' பெட்டி எனக்குக் கிடைத்தது. ஐம்பத்திரண்டு பகுதிகள், பதின்மூன்று டிஸ்க்குகள். நீங்கள் கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்த தபால் நிலையத்தில்தான் அதில் ஒரு காட்சி எடுத்தார்கள் என்பதும், துப்பறியும் கதாநாயகன் வந்து பார்சல் கேட்க, கவுண்டரில் உட்கார்ந்திருந்த நீங்கள் "இங்கே இல்லை. அடுத்த ஜன்னல்" என்று சொன்னீர்கள் என்பதும், அது முப்பத்தொன்றாம் பகுதியில் வருகிறது என்பதும், ஒளிபரப்பான அன்று உங்களுக்கு டியூட்டி இருந்ததால் நீங்களே அதைப் பார்க்கவில்லை என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். பெட்டி கிடைத்த சந்தோஷத்தில் அக்காவிடம் சொன்னேன். அரைமணி நேரத்தில் உங்கள் போன் வந்தது.

"என்னைப் பார்த்தியா?" என்றீர்கள். ஹலோகூடச் சொல்லவில்லை.

இன்னும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "பார்த்தேன் அத்தான்" என்றேன்.

"எப்படி இருந்தேன்?"

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். 'நல்லா இருந்தீங்க' என்றிருந்தால் அது சாதாரணப் பொய்யாக, உறவுக்குள் செல்லுபடியாகிற பொய்யாகப் போயிருக்கும். என் தொழில் புத்தி விடவில்லை. விவரம் இருந்தால்தான் நம்புவார்கள் என்று இளம் நிருபர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். "கணக்குப் புத்தகத்துல குனிஞ்சிருக்கீங்க. கதாநாயகன் வந்ததும் மெதுவா நிமிர்றீங்க. கண்ணாடியைக் கழட்டுறீங்க. அவரை ஒரு பார்வை பாக்குறீங்க. அப்புறம்தான் வசனம்" என்றேன்.

"கண்ணாடியா? நான் கண்ணாடி போட்டிருந்தேனா?"

"கறுப்பு ஃபிரேம் அத்தான்."

"ஓ, அப்ப அதையா போட்டிருக்காங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னீர்கள். எனக்கு அது விளங்கவில்லை. மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதியில் விளங்கிக்கொள்ளவும் முயலவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் எந்த விசேஷத்தில் அந்தக் காட்சியைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் வசனத்தைச் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று "அப்படியேதான்" என்று சாட்சி சொன்னேன். நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்க்க வருகிறேன் என்றபோதெல்லாம் நான் சொன்ன காரணங்களை இப்போது எழுதக் கை கூசுகிறது. பிளேயர் ரிப்பேர் என்றேன். பிளேயர் சரியானதும் டிவி ரிப்பேர் என்றேன். வெள்ளையடிக்கிறோம் என்று இரண்டு வருடத்தில் மூன்று தடவை சொன்னேன். ஒரு முறை நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்து, எனக்கு அம்மை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். நீங்கள் எங்கள் தெருமுனையில் இறங்கி, வாங்கிவந்த பழப்பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அந்தப் பழத்தை நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று தின்றேன் அத்தான்.

போன மாதம் நீங்கள் போஸ்ட்மாஸ்டராக ரிட்டயர் ஆனீர்கள். என் மனைவி என்னைக் கேட்காமலே எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாள். "அவரு வாழ்க்கையில ஒரு தடவை திரையில வந்திருக்காரு. நம்ம வீட்ல அந்தப் படம் இருக்கு. போட்டுக் காட்டாம நாம என்ன சொந்தம்?" என்றாள். உங்கள் மகளை நிச்சயம் செய்திருக்கும் வீட்டுக்காரர்களையும் அழைத்திருந்தாள். வரப்போகும் சம்பந்தியிடம் நீங்கள் அந்தக் காட்சியை இரண்டு தடவை நடித்தே காட்டியிருக்கிறீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, மனைவியின் தையல் கத்திரிக்கோலை எடுத்துக் கண்ணாடித்தாளைக் கிழித்தேன். முப்பத்தொன்றாம் பகுதி இருக்கும் எட்டாம் டிஸ்க்கை எடுத்து ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். போடத்தான் போனேன். அதற்குள் இரவல் நாற்காலிகள் வந்துவிட்டன. பதினொன்று கேட்டோம், ஒன்பதுதான் வந்தன என்று எண்ணிக்கொண்டு நின்றேன். எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். உங்களை நடுவில், கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்தோம். திரைச்சீலையை இழுத்தோம். டிஸ்க்கின் மேல் எட்டு என்றுதான் அச்சடித்திருந்தது. உள்ளே, சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் மேஜைமேல் குழாய்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, "வணக்கம். இன்றைய பாடத்தில் கசியும் இணைப்புகளைச் சரிசெய்வது எப்படி என்று பார்ப்போம்" என்றார்.

யாரும் அசையவில்லை. துப்பறியும் தொடர் அல்லவா, எதிலிருந்து எது வரும் என்று யார் கண்டார்கள்? அவர் ஒரு குழாயை அறுத்தார். என் மனைவி என் காதில், "இவருதான் கொலைகாரரா?" என்றாள். பின்வரிசையில் இருந்த எங்கள் சித்தப்பா எல்லோருக்கும் கேட்கும்படி, "கணக்கரை தண்ணித் தொட்டியிலதான் போட்டிருக்கான். பாத்துக்கிட்டே இருங்க, இப்ப குழாயில ரத்தம் வரும்" என்றார். குழாயில் தண்ணீர்தான் வந்தது. "நிறத்தை மாத்திட்டாங்க" என்றார் சித்தப்பா. வரப்போகும் சம்பந்திக்கு இரும்புச் சாமான் கடை இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. அவர் மட்டும்தான் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். "வாஷரைத் தப்பா மாட்டுறானே... ஆங், இப்ப சரி. நூல் சுத்தணும்டா... சுத்திட்டான். விவரமான ஆளுதான்" என்று ஒவ்வொரு திருகுக்கும் அபிப்பிராயம் சொன்னார். நீங்கள் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். இமைக்கவில்லை. ஒவ்வொரு தடவை காட்சி மாறும்போதும் உங்கள் முதுகு நிமிர்ந்தது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் நான் ரிமோட்டை எடுத்து ஓட்டினேன். சாம்பல் கோட்டுக்காரர் வேகவேகமாகக் குனிந்து நிமிர்ந்தார். நிறுத்திய இடத்தில், "அடுத்த பாடம், கழிவறைத் தொட்டி" என்றார்.

"நீ இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்னு சொன்னியே" என்றீர்கள் நீங்கள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விலாசம் சரிபார்ப்பதுபோல் கேட்டீர்கள்.

"பார்த்திருக்கேன் அத்தான்."

"இந்த டிஸ்க்கையா?"

அப்போது டீத் தட்டோடு வந்த என் மனைவி என் மானத்தைக் காப்பாற்றினாள். "அவரு மேல தப்பு இல்லீங்க அண்ணா. கடைக்காரன்தான் ஏமாத்திட்டான். இது புத்தம் புதுசு, பிரிக்கவே இல்லை. இன்னைக்குக் காலையிலதான் என் கத்திரிக்கோலை எடுத்துப் பிரிச்சாரு. வேணும்னா பாருங்க, அந்தத் தாள் இன்னும் குப்பைக்கூடையில கிடக்கு" என்றாள். நம்பாதவர்களுக்காகக் கூடையையும் கொண்டுவந்து காட்டினாள்.

நீங்கள் கூடையைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை. "நேரமாச்சு" என்று எழுந்தீர்கள். மணி மூன்று ஐம்பது. உங்கள் ரயில் ஏழு பத்துக்கு. டீயைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு படி இறங்கியபின் நின்று சரியாகப் போட்டுக்கொண்டீர்கள். சம்பந்தி மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "தொடர் நல்லாத்தான் இருந்துச்சு சார். மொத்தம் எத்தனை பாகம்?" என்றார்.

இதுதான் நடந்தது. இதில் என் பக்கத்து நியாயம் என்று ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உங்களைக் கேலி செய்யச் சொன்னதல்ல. அது நியாயமாகாது என்றும் தெரிகிறது. வேறொருவர் பொய் சொல்லியிருந்தால் உங்களுக்கு வலித்திருக்காது. இவன் எண்ணிப் பார்க்காமல் படிகூட ஏறமாட்டான் என்று நீங்கள் நம்பின ஆள் நான். நினைக்க நினைக்கக் கூனிக்குறுகிப் போகிறேன். கண்ணாடியில் சவரம் செய்யும்போது தாடையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

பரிகாரமாக இரண்டு காரியம் செய்திருக்கிறேன். அலமாரியில் உள்ள எல்லாப் பெட்டிகளையும் பிரித்துவிட்டேன். ஒரு சரித்திரத் தொடரில் டிஸ்க்கே இல்லை, கனத்துக்கு அட்டை வைத்திருக்கிறார்கள். அந்தத் தொடரைப் போல் இன்னொன்று வராது என்று நான் கல்லூரி ஒன்றில் பேசியே இருக்கிறேன். இரண்டாவது காரியம், எட்டாம் டிஸ்க். பெட்டியை வெளியிட்ட கம்பெனி மூடிப் பல வருடமாகிறது. ஊர் ஊராக விசாரித்ததில், என்னைப் போலவே சேர்க்கும் கண் டாக்டர் ஒருவர் அகப்பட்டார். அவரிடம் 'காணாமல் போன கணக்கர்' இரண்டு பெட்டிகள் இருக்கின்றன, ஒன்று பார்க்க, இன்னொன்று பார்க்காமல் இருக்க. பார்க்கிற பெட்டியிலிருந்து எட்டாம் டிஸ்க்கை இரவல் தர ஒப்புக்கொண்டார். நாளை கூரியரில் வருகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அதே பத்தொன்பது பேரையும் மறுபடி வரச் சொல்லிவிட்டேன். சம்பந்தி, தன் கடைப் பையன்களையும் கூட்டிவரலாமா என்று கேட்டார். வரட்டும் என்றேன். ஊரறிய உங்கள் தலையைக் குனியவைத்தவன் ஊரறிய நிமிர்த்தி வைக்க வேண்டும். நீங்கள் கண்ணாடியைக் கழற்றினீர்களோ இல்லையோ, உங்கள் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் எழுந்து நின்று, இதுவரை நான் பார்த்ததே இல்லை என்பதை என் வாயாலேயே சொல்லிவிடுவேன். ஏழு பத்து ரயிலுக்கு நானே வந்து ஏற்றிவிடுகிறேன். கட்டாயம் வர வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. மகளுக்கு என் ஆசிகள்; கல்யாணத்துக்குள் என் மேல் பல்லைக் கடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களிடம் ஆசி கேட்கும் யோக்கியதை எனக்கு இப்போது இல்லை, மன்னிப்பை மட்டும் கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தலை நிமிராத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி உறையில் போட்டேன். இன்று காலை அக்கா போன் செய்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூடும் விஷயம் அவளுக்குப் போயிருக்கிறது. "டேய், உனக்கு எத்தனை தடவைடா அவரைக் கொல்லணும்?" என்றுதான் ஆரம்பித்தாள். உங்களிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவரு பார்க்கலைன்னு யாருடா சொன்னா? படம் வந்த அன்னைக்கு ஆபீஸ் பூரா போஸ்ட்மாஸ்டர் வீட்ல உட்கார்ந்து பார்த்தாங்க. கதாநாயகன் நனைஞ்ச குடையை விரிச்சபடியே கவுண்டர் மேல வச்சுட்டான். இவரு மூஞ்சி முழுக்க குடைக்குப் பின்னாடி. குரலும் வேற யாரோ பேசினது. தெரிஞ்சது ரெண்டு விரல். மறுநாள்லேர்ந்து அவருக்கு பேரே 'ரெண்டு விரல்'. மூட்டை தூக்குறவன்கூட 'ரெண்டு விரல் சார்'னு கூப்பிட்டான். மாற்றல் கேட்டு வாங்கிட்டு வந்ததே அதுக்குத்தான். இந்த ஊருக்கு வந்துதான் பார்க்கலைன்னு சொல்ல ஆரம்பிச்சாரு. அதோட விட்டிருப்பாரு. நீ கண்ணாடின்னு சொன்னே. அன்னைக்கு ரெண்டு தடவை படம் பிடிச்சாங்களாம். முதல் தடவை இவருக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, மூஞ்சிக்கு நேரா எடுத்தாங்களாம். குடை இல்லாம. டிவிடியில அதைத்தான் போட்டுட்டாங்கன்னு நம்பிட்டாருடா. பதினொரு வருஷமா நம்பிக்கிட்டு இருக்காரு. உன் வீட்டுக்குக் கிளம்பின அன்னைக்கு சட்டையை ரெண்டு தடவை தேய்ச்சுப் போட்டாரு."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அத்தான். கறுப்பு ஃபிரேம் என் பத்திரிகை ஆசிரியருடையது.

மத்தியானம் டிஸ்க் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் பகுதி, இருபத்திரண்டாவது நிமிடம். குடைதான். அக்கா சொன்னது சரி. இனி நான் எழுதுவது நான்கு முறை கண்ணால் பார்த்தது. குடையின் ஓரத்துக்குக் கீழே வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தெரிகின்றன. ஒரு கடித உறையின் மடிந்த மூலையை நீவி விடுகின்றன. கதாநாயகன் மேஜையைத் தட்டிக் கத்துகிறார். விரல்கள் அவசரப்படவில்லை. மூலை படிந்ததும் உறையைச் சரியான அடுக்கில் தள்ளிவிட்டு, அதன்பிறகே அடுத்த ஜன்னலைக் காட்டுகின்றன. ஆறு வினாடி. அந்தத் தபால் நிலையத்தில் மற்ற எல்லோரும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை பார்ப்பது அந்தக் கை ஒன்றுதான். இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை.

பத்தொன்பது பேரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிஸ்க் வழியில் உடைந்துவிட்டதாம். இதுவும் பொய்தான், தெரிந்தே சொன்னேன். நீங்கள் மட்டும் வருவதானால் வாருங்கள். பார்க்க விரும்பாவிட்டால் டிவியைப் போடவே மாட்டேன், டீ மட்டும் குடிக்கலாம். அக்காவிடம் செய்த சத்தியத்தை இந்தப் பின்குறிப்பிலேயே மீறிவிட்டேன், அவளிடம் காட்டிக்கொடுக்காதீர்கள். அந்தப் பட்டப்பெயர் என்னோடு மண்ணுக்குள் போகும். யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம் தவிர. அவள் இப்போது உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். எதிர்ப்பக்கம் யார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.